ஸ்குவாஷ் தொடங்கப் போகும் வடசென்னைக்காரர்களுக்கு

நான்கு சுவருக்குள் இரண்டு பேர் மாறி மாறி முன்சுவரில் பந்தடிக்கும் ஆட்டம் ஸ்குவாஷ். புதுசாக வாங்கிய ஸ்குவாஷ் பந்தைத் தோள் உயரத்தில் பிடித்துக் கீழே விட்டுப் பாருங்கள். ஒரு ஜாண் உயரம்கூட எழும்பாது. பந்து ஓட்டையோ என்று சந்தேகம் வரும், கடைக்குத் திருப்பி எடுத்துப் போகலாமா என்றுகூடத் தோன்றும். பந்தில் குறை ஒன்றும் இல்லை. அதே பந்தைச் சுவரில் ஐந்து நிமிடம் விடாமல் அடித்துவிட்டு மறுபடி தோளிலிருந்து விடுங்கள். இப்போது முழங்காலுக்குச் சற்றுக் கீழ் வரை வரும். உள்ளங்கையில் வைத்தால் சூடு தெரியும்.

பந்து 40 மில்லிமீட்டர் விட்டம், 24 கிராம் எடை. இரண்டு ரப்பர் கிண்ணங்களைச் சேர்த்து ஒட்டியது, உள்ளே காற்றுதான். ஒவ்வொரு அடியிலும் ரப்பர் நசுங்கி விரிகிறது, அதில் சூடேறுகிறது. உள்ளே இருக்கும் காற்றின் அழுத்தமும் கூடுகிறது. அடி நின்றால் பந்து ஆறிவிடும், ஆறினால் செத்துவிடும். இந்த ஒரு விஷயத்தைப் புரிந்துகொண்டால், புதிதாக வருகிறவர்கள் ஏன் இரண்டாவது வாரமே நின்றுவிடுகிறார்கள் என்பதும் புரிந்துவிடும்.

பந்தின் மேல் சின்னதாகப் புள்ளி இருக்கும். இரட்டை மஞ்சள் புள்ளி என்றால் போட்டிப் பந்து, மிக மெதுவானது. கடையில் கேட்டால் பெரும்பாலும் அதைத்தான் எடுத்துத் தருவார்கள். தொடக்கத்தில் அதை வாங்காதீர்கள். அதைச் சூடாக வைத்திருக்க வேகமான அடியும் விடாமல் மாறி மாறி அடிக்கும் நீண்ட ராலியும் வேண்டும், புதியவரிடம் இரண்டும் இருக்காது. மூன்றாவது அடியில் பந்து போய்விடும், எடுத்து வந்து சர்வ் போடுவதற்குள் ஆறிவிடும், ஆறிய பந்தை எட்டிப் பிடிக்கவும் முடியாது. ஒரு மணி நேரத்தில் பாதி பந்து பொறுக்குவதிலேயே போகும். டன்லப் பந்துகளில் நீலப் புள்ளி போட்டிப் பந்தைவிட 12 சதவீதம் பெரியது, சிவப்புப் புள்ளி 6 சதவீதம் பெரியது. இரண்டும் குதித்த பிறகு கூடுதல் நேரம் காற்றில் நிற்கும். பெரியவர்கள் சிவப்பில் தொடங்கலாம், பத்து வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்கு நீலம் சரி. எதிராளியோடு பத்துப் பதினைந்து அடி தொடர்ந்து போக ஆரம்பித்தால் ஒற்றை மஞ்சளுக்கு மாறுங்கள். இரட்டை மஞ்சளுக்கு அவசரமே இல்லை. பெரியவர்களில் பல பேருக்கு ஒற்றை மஞ்சள்தான் பல வருடங்களுக்குப் பொருத்தமான பந்து.

ராக்கெட்பால் கற்றுக்கொள்ள ஆசைப்பட்டுத் தேடுகிறவர்களுக்கு ஒரு விளக்கம். அது 1950-இல் அமெரிக்காவின் கனெக்டிகட்டில் ஜோ சோபெக் உருவாக்கிய ஆட்டம். அதன் கோர்ட் 40 அடி நீளம், 20 அடி அகலம், 20 அடி உயரம். மேல்தளத்திலும் பந்தை அடிக்கலாம், ஸ்குவாஷில் இருப்பது போல முன்சுவரின் அடியில் பந்து படக்கூடாத தகரப் பட்டை கிடையாது. பந்து இரண்டேகால் அங்குலம், நன்றாகத் துள்ளும். நம் ஊரில் நான்கு சுவர் கோர்ட் என்றால் கிட்டத்தட்ட எப்போதும் அது ஸ்குவாஷ் கோர்ட்தான். இங்கே அந்த ஆட்டத்துக்கு மிக நெருங்கி வருவது ஸ்குவாஷ் 57. ஸ்குவாஷ் கோர்ட்டிலேயே 57 மில்லிமீட்டர் பந்தையும் குட்டையான ராக்கெட்டையும் வைத்து ஆடுவது. இங்கிலாந்தில் ராக்கெட்பால் என்றே அழைக்கப்பட்டு, 2016-இல் இந்தப் பெயருக்கு மாறியது. முழங்கால் வலி உள்ளவர்களுக்கும் ஐம்பதைத் தாண்டியவர்களுக்கும் அது உகந்தது. மற்றவர்கள் நேராக ஸ்குவாஷுக்கே வரலாம்.

வடசென்னையில் ஷட்டிலுக்குத் தெருவே போதும். இரண்டு கம்பம், ஒரு வலை, சுண்ணாம்புக் கோடு. ஸ்குவாஷுக்குக் கட்டிய கோர்ட் வேண்டும், இந்த ஆட்டம் நம் பக்கம் பரவாததற்கு முக்கியக் காரணம் அதுதான். ஆனால் எழும்பூர் நேரு பூங்காவில் இருக்கும் இந்திய ஸ்குவாஷ் அகாடமி நமக்குத் தூரம் இல்லை. விம்கோ நகர், திருவொற்றியூர், தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டை என எங்கே ஏறினாலும் மெட்ரோவில் சென்ட்ரல் வந்து பச்சை வழித்தடத்துக்கு மாறினால், எழும்பூருக்கு அடுத்த நிலையம் நேரு பூங்காதான். பெரம்பூர், வியாசர்பாடிக்காரர்கள் மின்சார ரயிலில் சென்ட்ரல் வந்துவிடலாம். பயிற்சி நேரத்தையும் கட்டணத்தையும் நேரில் போய்க் கேட்டுக்கொள்ளுங்கள். ஜோஷ்னா சின்னப்பாவும் தீபிகா பள்ளிக்கல்லும் சென்னைப் பெண்கள்தான். 2014 கிளாஸ்கோ காமன்வெல்த் போட்டியில் ஸ்குவாஷில் இந்தியாவுக்கு முதல் தங்கம் வாங்கித் தந்தவர்கள் அவர்கள். 2025 டிசம்பரில் ராயப்பேட்டை எக்ஸ்பிரஸ் அவென்யூ மாலில் நடந்த உலகக் கோப்பையில் ஜோஷ்னா, அபய் சிங், வேலவன் செந்தில்குமார், அனாஹத் சிங் அடங்கிய இந்திய அணி ஹாங்காங்கை வீழ்த்திக் கோப்பையை எடுத்தது. 2028 லாஸ் ஏஞ்சலஸ் ஒலிம்பிக்கில் ஸ்குவாஷ் முதல்முறையாகச் சேர்கிறது. இவ்வளவும் கைக்கெட்டும் தூரத்தில் நடக்கும்போது ராயபுரத்துப் பிள்ளைகளும் எண்ணூர்ப் பிள்ளைகளும் இதற்கு வெளியே நிற்க வேண்டியதில்லை.

இப்போது எழும்பும் பெரிய அடுக்குமாடிக் குடியிருப்புகள் சிலவற்றில் ஸ்குவாஷ் கோர்ட்டும் கட்டுகிறார்கள். அங்கே ஆடக் கிடைத்தால் முதலில் டேப் வைத்து அளந்துவிடுங்கள். நீளம் 9.75 மீட்டர், அகலம் 6.4 மீட்டர், அதாவது 32 அடிக்கு 21 அடி. முன்சுவரின் மேல்கோடு 15 அடி உயரத்தில், சர்வீஸ் கோடு 5 அடி 10 அங்குலத்தில், கீழே தகரத்தின் விளிம்பு 19 அங்குலத்தில் இருக்க வேண்டும். பின்சுவர்க் கோடு 7 அடி. பக்கச்சுவர்க் கோடு முன்னால் 15 அடியில் தொடங்கிப் பின்னால் 7 அடிக்குச் சரிந்து இறங்கும். கட்டுகிறவர்கள் வழக்கமாகத் தவறுவது மூன்று இடங்களில். மேலே ஏசி குழாயைத் தாழ்வாக விட்டுவிடுவார்கள், பந்தை உயரத் தூக்கி லாப் அடித்தால் அதில் பட்டு விழும். தரைக்கு மரப்பலகை போடாமல் டைல்ஸ் போட்டுவிடுவார்கள், வியர்வை சொட்டினால் கால் வழுக்கும், முழங்காலுக்கும் அதிர்ச்சி போகும். சுவருக்குச் சாதாரண பெயின்ட் அடித்துவிடுவார்கள், ஆறே மாதத்தில் உரிந்து பந்து கன்னாபின்னாவென்று திரும்பும். டைல்ஸ் தரையில் வேகமாக ஆடவே வேண்டாம்.

சாமான் வாங்க நேரு ஸ்டேடியத்தைச் சுற்றியுள்ள ஸ்போர்ட்ஸ் கடைகளுக்குப் போகலாம். ராக்கெட் அதிகபட்சம் 686 மில்லிமீட்டர் நீளம் இருக்கலாம். கடையில் இருப்பவை எல்லாம் ஏறக்குறைய அந்த நீளம்தான், எடையில்தான் வித்தியாசம். 130-லிருந்து 150 கிராம் வரை உள்ள கிராஃபைட் கலந்த ராக்கெட்டை எடுங்கள். 110 கிராம் ராக்கெட் கையில் இறகு போல இருக்கும், ஆனால் பந்தை அனுப்பும் வேலை முழுவதும் உங்கள் தோளுக்கு வந்துவிடும், சுவரில் ஒரு தடவை இடித்தாலும் விரிசல் விடும். புதியவர்கள் கட்டாயம் சுவரில் இடிப்பார்கள். அதனால் விலை உயர்ந்ததை முதலில் வாங்காமல், ராக்கெட் தலையின் மேல் விளிம்பில் ஒட்டும் பாதுகாப்பு டேப் ஒன்றை வாங்கி ஒட்டுங்கள். நரம்பை 25 பவுண்டு அளவில் கட்டச் சொல்லலாம். இறுக்கமாகக் கட்டினால் வேகம் கூடும் என்று நினைப்பது தவறு. தளர்ந்த நரம்புதான் பந்தைத் தள்ளிக் கொடுக்கும், இறுகியது கட்டுப்பாட்டுக்கு. நம் ஊர் வியர்வைக்குக் கைப்பிடி மேல் ஓவர்கிரிப் அவசியம், மாதம் ஒன்று மாற்ற வேண்டியிருக்கும்.

ஷூவில் கஞ்சத்தனம் வேண்டாம். ரன்னிங் ஷூவின் குதிகால் உயரமானது, முன்னே ஓடுவதற்காகச் செய்தது. ஸ்குவாஷில் பக்கவாட்டில் திரும்பி நிற்கும்போது அந்த உயரமே கணுக்காலைப் புரட்டிவிடும். ஷட்டில் ஆடும் கம் சோல் ஷூ இருந்தால் அதுவே போதும், தரையில் கறை படியாத அடிப்பாகமாக இருக்க வேண்டும். அதைத் தெருவில் போடாமல் பையில் கொண்டுபோய்க் கோர்ட்டில் மாட்டுங்கள். ஒரு மணல் துகள் போதும், மரத்தரையில் பிடிப்பு போய்விடும்.

கண்ணாடி விஷயத்தில் விட்டுக்கொடுக்கவே கூடாது. கால்பந்தோ கிரிக்கெட் பந்தோ முகத்தில் பட்டால் கண்குழியின் எலும்பு பெரும்பகுதியைத் தாங்கிக்கொள்ளும். ஸ்குவாஷ் பந்து சின்னது, குழிக்குள் நுழைந்து நேராகக் கண்ணிலேயே அடிக்கும். பாலிகார்பனேட் கண்ணாடி, ராக்கெட் விளையாட்டுக்கான தரச்சான்று உள்ளதாகப் பார்த்து வாங்குங்கள். லென்ஸ் இல்லாத வெறும் சட்டம் பயன்படாது. பவர் கண்ணாடி போட்டுக்கொண்டு ஆடுவது அதைவிட ஆபத்து, உடைந்தால் சில்லு கண்ணுக்குள் போகும். பவர் உள்ளவர்கள் அதன் மேலேயே மாட்டும் பெரிய பாதுகாப்புக் கண்ணாடி வாங்கலாம். உலகப் போட்டிகளில் ஜூனியர்களுக்கும் இரட்டையர் ஆட்டக்காரர்களுக்கும் இது கட்டாயம். தெரு அளவில் ஆடும் நாமும் அதைக் கட்டாயமாகவே வைத்துக்கொள்வோம்.

விதிகள் சுலபம். பந்து ஒவ்வொரு முறையும் தரையில் படுவதற்கு முன் முன்சுவரைத் தொட வேண்டும். நேராகவும் போகலாம், பக்கச்சுவரிலோ பின்சுவரிலோ பட்டும் போகலாம். திரும்பி வரும் பந்து ஒரு தடவை குதிக்கலாம், இரண்டாவது தடவை குதிப்பதற்குள் எதிராளி அடித்துவிட வேண்டும். தகரத்தில் பட்டால் புள்ளி போச்சு, அந்தச் சத்தமே சொல்லிவிடும். மேல்கோட்டில் பட்டாலும் அவுட்தான். ஷட்டிலில் கோட்டில் விழுந்தால் உள்ளே, இங்கே கோட்டைத் தொட்டால் வெளியே. ஷட்டில்காரர்கள் முதலில் சண்டை போடுவது இந்த இடத்தில்தான். ராலியை யார் ஜெயித்தாலும் புள்ளி. 11 புள்ளி ஒரு கேம், 10-10 ஆனால் இரண்டு புள்ளி வித்தியாசம் வரும் வரை போகும். ஐந்தில் மூன்று கேம் எடுத்தவர் வெற்றி.

சர்வ் போடும்போது ஒரு காலாவது சர்வீஸ் கட்டத்துக்குள், கோட்டைத் தொடாமல் தரையில் இருக்க வேண்டும். பந்து நேராக முன்சுவரில், சர்வீஸ் கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே பட்டு, எதிர்ப்பக்கத்தின் பின் பகுதியில் விழ வேண்டும். எதிராளி குதிக்கவிடாமலேயே அடித்துவிடலாம். வாய்ப்பு ஒன்றுதான், டென்னிஸ் போல இரண்டாவது சர்வ் கிடையாது. புள்ளி எடுத்தால் அடுத்த கட்டத்துக்கு மாறிப் போட வேண்டும். சர்வ் உங்கள் கைக்கு வரும்போது எந்தக் கட்டம் என்பதை நீங்களே தேர்ந்தெடுக்கலாம். எதிராளி வலது கைக்காரர் என்றால் வலது கட்டத்திலிருந்து தொடங்குங்கள், பந்து அவருடைய பேக்ஹேண்டுக்குப் போகும். வேகமாக அடித்துக் காட்ட ஆசை வரும். அதைவிட லாப் சர்வ்தான் புதியவருக்குப் புள்ளி தரும். ராக்கெட்டைத் தாழ்வாக வைத்து, அதன் முகத்தை வானம் பார்த்துத் திறந்து, பந்தை முன்சுவரின் மேற்பகுதியில் மெல்லத் தூக்கிவிடுங்கள். அது வளைந்து போய் எதிராளியின் தலைக்கு மேல் பக்கச்சுவரை லேசாக உரசி, பின்மூலையில் செங்குத்தாக விழும். உரசிய பந்துக்குத் துள்ளல் இருக்காது. உரசாமல் போனால் பின்சுவரில் பட்டு எதிராளிக்கு வசதியாக முன்னால் வந்துவிடும். அந்த உரசலைக் கையில் கொண்டுவரத் தனியாக இருநூறு சர்வ் போட்டுப் பார்க்க வேண்டும்.

கொஞ்சம் நிதானித்துப் படிக்க வேண்டியது லெட், ஸ்டிரோக் விதி. இரண்டு பேரும் ஒரே அறைக்குள் ராக்கெட்டை வீசுகிறீர்கள், அதனால் இது பாதுகாப்பு விதி என்றே எடுத்துக்கொள்ளுங்கள். அடித்தவுடன் எதிராளிக்கு நான்கு விஷயத்தைக் கொடுக்க வேண்டியது உங்கள் கடமை: பந்தைப் பார்க்க வழி, பந்தை நோக்கிப் போகப் பாதை, ராக்கெட் வீச இடம், முன்சுவர் முழுவதும் அடிக்கத் திறந்த வெளி. எதிராளியின் வழி மறிக்கப்பட்டு, மறிக்காமல் இருந்திருந்தால் பந்தை எட்டியிருப்பார் என்றால், நீங்களும் விலக முயன்றிருந்தால் லெட், ராலியைத் திரும்ப ஆடுங்கள். விலகவே முயலவில்லை, அல்லது அவர் வீசும் இடத்திலோ முன்சுவருக்கு நேரான பாதையிலோ நீங்கள் நின்றுவிட்டீர்கள் என்றால் ஸ்டிரோக், புள்ளி அவருக்கு. எப்படியும் எட்டியிருக்க மாட்டார் என்றால் ஒன்றும் இல்லை. முன்னால் ஆள் நிற்கும்போது அடிக்காமல் கையை நிறுத்தி, 'லெட் ப்ளீஸ்' என்று கேட்பதுதான் நல்ல ஆட்டக்காரருக்கு அழகு. பந்து உங்களைச் சுற்றி வந்து, நீங்களும் முழுதாகத் திரும்பி அடிக்க நேர்ந்தால் அடிக்கவே அடிக்காதீர்கள். எதிராளி எங்கே நிற்கிறார் என்று உங்களுக்கும் தெரியாது, பந்து எங்கே வரும் என்று அவருக்கும் தெரியாது.

ஷட்டில் ஆடிப் பழகியவர்களுக்குக் கண்ணும் காலும் தயாராக இருக்கும், மணிக்கட்டுதான் கெடுக்கும். ஷட்டிலில் பேக்ஹேண்டுக்குக் கட்டைவிரலைத் தட்டையாக வைத்துச் சுண்டிவிடுவோம். ஸ்குவாஷில் பிடியை மாற்றவே கூடாது, இரண்டு பக்கத்துக்கும் ஒரே பிடி. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் விழும் பள்ளம் கைப்பிடியின் இடது மேல் விளிம்பில் உட்கார வேண்டும், இது வலது கைக்காரருக்கு. ஆள்காட்டி விரல் மற்ற விரல்களிலிருந்து சற்று விலகி முன்னால் இருக்கட்டும். மணிக்கட்டை மேல்நோக்கி மடக்கிப் பூட்டியது போல வைத்து, வீச்சு முழங்கையிலிருந்தும் தோளிலிருந்தும் வர வேண்டும். உடம்பு பக்கச்சுவரைப் பார்த்திருக்க, முன்கால் முழங்கால் மடங்கியிருக்க, பந்தை முழங்கால் உயரத்தில், உடம்பிலிருந்து ஒரு கை நீட்டம் தள்ளி அடியுங்கள். முன்சுவரைப் பார்த்து நேராக நின்று அடித்தால் பந்து எப்போதும் குறுக்கேதான் போகும், நேராகப் போகாது. பந்தை நெருங்கி ஓடிவிடுவதும் பொதுவான பிழை. கை மடங்கிவிடும், பந்து தகரத்துக்குப் போகும்.

ஆட்டத்தின் யோசனை முழுவதும் கோர்ட்டின் நடுவில் கோடுகள் சேரும் இடத்தில்தான் இருக்கிறது. அதை 'டி' என்பார்கள். அதற்கு ஓரடி பின்னால் நின்றால் நான்கு மூலைக்கும் சீக்கிரம் போய்விடலாம். அடித்துவிட்டு அங்கேயே நின்று வேடிக்கை பார்க்கிறவர் தோற்பார், அடித்த கையோடு டி-க்குத் திரும்புகிறவர் ஆட்டத்தைக் கையில் எடுப்பார். அங்கே திரும்ப நேரம் வேண்டும், அந்த நேரத்தைத் தருவது பின்மூலைக்குப் போகும் நேரான டிரைவ். சர்வீஸ் கோட்டுக்கு ஓரிரு அடி மேலே முன்சுவரில் அடியுங்கள். பந்து பக்கச்சுவரை ஒட்டியே போய், முதல் குதிப்பு சர்வீஸ் கட்டத்துக்குப் பின்னாலும் இரண்டாவது குதிப்பு பின்சுவரின் அடியிலும் விழ வேண்டும். ஸ்குவாஷில் 'லென்த்' என்பது இதுதான். சுவரை ஒட்டிய பந்தைக் குதிக்கும் முன்பே வாலி எடுப்பது கடினம், பின்மூலைக்குப் போன பந்தை எடுக்க எதிராளி பின்னால் போயாக வேண்டும், அதற்குள் டி உங்களுக்கு. புதியவர்கள் நினைத்தபோதெல்லாம் குறுக்கே அடிப்பார்கள், ஏனென்றால் அது இயல்பாக வரும். அகலம் போதாத குறுக்கடி நேராக எதிராளியின் ராக்கெட்டுக்குப் போய்ச் சேரும். குறுக்கே அடித்தால் பந்து எதிராளியைத் தாண்டி, அவர் நிற்கும் இடத்துக்குப் பின்னால் பக்கச்சுவரில் பட வேண்டும்.

முன்சுவருக்குப் பக்கத்தில் மெல்ல விழவைக்கும் டிராப் அடிக்க எப்போது உரிமை? எதிராளி உங்களுக்குப் பின்னால் இருக்கும்போது மட்டும். அவர் டி-யில் நிற்கும்போது பின்மூலையிலிருந்து டிராப் போட்டால் அவரைத் தேடிப் போய்ப் பந்தைக் கையில் கொடுத்தது போல.

கேரம் ஆடுகிறவர்களுக்கு இங்கே ஒரு லாபம் உண்டு. 2024-இல் அமெரிக்காவில் நடந்த உலகப் போட்டியில் தங்கம் வென்ற காசிமாவின் ஊர் இது, கட்டையில் பட்டுத் திரும்பும் காயின் கோணம் இங்கே சின்னப் பையனுக்கும் தெரியும். பின்மூலையில் மாட்டிய பந்தை நேராக முன்னால் அனுப்ப வழி இல்லாதபோது, பக்கச்சுவரில் அடித்து எதிர் முன்மூலைக்கு அனுப்புவதை 'போஸ்ட்' என்பார்கள். பந்து பக்கச்சுவரைவிட்டு அகன்று விரியும் கோணத்தில் போய் முன்சுவரைத் தொட வேண்டும். அருகே இருக்கும் பக்கச்சுவரில் உங்களுக்குச் சற்று முன்னால் உள்ள இடத்தைக் குறிவையுங்கள், பந்தை மேல்நோக்கித் தூக்குங்கள், ஏனென்றால் வழியில் வேகம் குறைந்து கீழே இறங்கும். போர்டில் வேகம் அவ்வளவாகக் குறையாது, அதனால் கேரம்காரர்கள் முதலில் தாழ்வாக அடித்துத் தகரத்தில் விடுவார்கள். போஸ்ட் தப்பிக்கும் அடி. அதையே பழக்கமாக்கினால் எதிராளி முன்னால் வந்து காத்திருப்பார்.

துணைக்கு ஆள் இல்லாவிட்டாலும் கோர்ட் கிடைத்தால் அரை மணி நேரத்தை வீணாக்காதீர்கள். சர்வீஸ் கட்டத்துக்குப் பின்னால் பக்கச்சுவரை ஒட்டி ஒரு துண்டை விரியுங்கள். நேரான டிரைவ் ஐம்பது, ஃபோர்ஹேண்டில் ஒரு பக்கம், பேக்ஹேண்டில் ஒரு பக்கம். எத்தனை பந்து துண்டில் விழுகிறது என்று எண்ணுங்கள். முதல் வாரம் ஐம்பதில் ஐந்து வந்தால் நல்லது. பிறகு பந்தே இல்லாமல், டி-யிலிருந்து ஆறு இடத்துக்கு, அதாவது நான்கு மூலைக்கும் இரண்டு பக்கத்துக்கும் ஓடி, நிழல் வீச்சு வீசி, திரும்பி வாருங்கள். ஒரு நிமிடம் ஓட்டம், ஒரு நிமிடம் ஓய்வு, ஆறு தடவை. இதில் கால் பழகினால் ஆட்டத்தில் மூச்சு வாங்குவது பாதியாகக் குறையும்.

கடைசியாக நம் பக்கத்துக் காற்று. கடற்கரை ஓரம் ஈரப்பதம் எப்போதும் அதிகம், ஏசி இல்லாத கோர்ட்டில் சுவரே வியர்க்கும். ஈரச் சுவரில் பட்ட பந்து துள்ளாமல் வழுக்கிக்கொண்டு கீழே விழும், ஈரமான பந்தும் அப்படித்தான். கேமுக்கு நடுவில் பந்தைச் சட்டையில் துடைத்துக்கொள்ளுங்கள். தரையில் வியர்வை விழுந்தால் ஆட்டத்தை நிறுத்தித் துடைத்துவிட்டே தொடருங்கள், எதிராளி அவசரப்படுத்தினாலும் சரி. மாற்றுச் சட்டை இரண்டு, மணிக்கட்டுப் பட்டை இரண்டு, உப்பு போட்ட நீர்மோர் ஒரு பாட்டில் பையில் இருக்கட்டும். ஆட்டத்துக்கு முன் கெண்டைக்காலையும் குதிகால் நரம்பையும் நன்றாகச் சூடேற்றுங்கள், முன்னோக்கிப் பாயும்போது முதலில் கிழிவது அவைதான். நாற்பதைத் தாண்டி, பல வருடமாக ஓடாமல் இருந்தவர்கள் கோர்ட்டில் இறங்குவதற்கு முன் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிட்டு வாருங்கள், முதல் மாதம் வாரம் இரண்டு நாள், நாளுக்கு முப்பது நிமிடம், அதற்கு மேல் வேண்டாம்.